கடைசிக் குழாய்

அத்தியாயம் 9

மருந்துக்கடை அக்கா அன்று காலை மூன்று முறை தலை வாரினாள். மூன்று முறையும் வகிடு நேராகத்தான் இருந்தது. மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பதினோரு மாதமாகக் காத்திருந்த நாள். சாயந்திரம் நான்கு மணிக்கு வார்டு அலுவலகத்துப் பெரிய அறையில் சுகாதாரக் குழுவின் கூட்டம். அந்தக் குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். போன மாதம்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்காக மூன்று தெருக்களிலும் ஒரு வீடு விடாமல் படியேறி இறங்கியிருந்தாள்.

"உனக்குச் சேவை மனப்பான்மை ஜாஸ்திம்மா" என்று மருந்துக்கடை முதலாளி பாராட்டினார்.

சேவையாவது மண்ணாவது! ஒரே ஒரு ஆளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும். அதற்கு அந்த அறைக்குள் அவளுக்கு ஒரு நாற்காலி வேண்டும். நாற்காலி கிடைத்துவிட்டது.

அந்த ஆள், வார்டின் சுகாதார ஆய்வாளர். தெருவில் அவருக்கு சோப்பு சார் என்று பெயர். யாருக்கு என்ன வியாதி என்று போய் நின்றாலும் "சோப்பு போட்டுக் கை கழுவுனீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். வயிற்றுப்போக்குக்கும் அதே கேள்வி, கால் சுளுக்குக்கும் அதே கேள்வி.

நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்காவின் தங்கை கர்ப்பமாக இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று அம்மா அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். ஏழாம் மாதத்தில் மஞ்சள் காமாலை வந்தது. ஒன்பது நாள் போராடினாள். பத்தாம் நாள் அவளும் இல்லை, வயிற்றிலிருந்த பிள்ளையும் இல்லை.

அடுத்த மூன்றாம் நாள் சோப்பு சார் கோப்போடு வந்தார். நேரே சமையலறைக்குள் போய்ப் பானையைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னார்: "தண்ணியில ஒரு குறையும் இல்ல. இந்த வீட்டுலதான் சுத்தம் பத்தல. ஒரு கர்ப்பிணிப் பொண்ணை இப்படியா வெச்சுக்கிறது?"

அதையே 'காரணம்: வீட்டுச் சுகாதாரக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். குதிரை குப்புறத் தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதைதான்.

அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வாயில் வைக்காமல் கீழே வைத்தாள். "உன்னை நம்பித்தானே அனுப்பினேன்" என்றாள். அன்று படியிறங்கிப் போனவள்தான். பெரிய மகளோடு அதற்குப் பிறகு ஒரு பேச்சு இல்லை.

அக்கா அழுது முடித்ததும் ஒரு நோட்டு வாங்கினாள். வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வாங்க வருகிறவர்களிடம் "எந்த வீடு?" என்று கேட்டு எழுதத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் நோட்டு உண்மையைச் சொல்லிவிட்டது. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய முதல் தெருவில் இரண்டு வீடு. குழாய் போய் முடிகிற கடைசித் தெருவில் முப்பத்தெட்டு வீடு. சாக்கடைக்குள் இறங்கி ஏறி வருகிற பழைய குழாய் அது. முப்பத்தெட்டு வீடும் கை கழுவாத வீடா?

பிறகு மனு மேல் மனு. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். வார்டு அலுவலகம் அம்மியைவிடக் கொஞ்சம் கனம். இருபத்து மூன்று மனு ஆயிற்று. கடைசி மனுவுக்குத்தான் பதில் வந்தது. தண்ணீர்ச் சோதனைப் பதிவேட்டைக் கூட்டத்தன்று காலை பத்து முதல் பதினொன்று வரை உறுப்பினர் பார்வையிடலாம்.

"சாயந்திரம் வந்துடுவீங்கல்ல?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். சாது. 'மாட்டேன்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து தெருவில் யாரும் கேட்டதில்லை.

"வேலை கிடக்கு" என்றார், தட்டைப் பார்த்தபடி.

"நாலு மணிக்குன்னு எந்தக் கடிகாரம் உங்களைக் கூப்பிடுது?"

"அந்த ஆளோட மோதி என்னத்தைக் கண்டோம்? போனவ போயிட்டா. விட்டுத் தொலையேன்."

"உங்க கூடப் பிறந்தவளா இருந்தா விடுவீங்களா?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். பாவம், அவருக்கும் துக்கம் இருக்காதா என்று அக்கா நினைத்தாள். ஊருக்கே புத்தி சொல்கிற கெட்டிக்காரி வீட்டுக்குள் கோட்டை விட்டாள்.

*

பதிவேட்டைக் காவல் காத்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினாள்.

"நாளுக்கு ஒரு தாள். மாசக் கடைசியில கட்டி வெச்சுடுவோம். தினம் கடைசிக் குழாய்லதான் தண்ணி பிடிச்சுச் சோதிக்கணும், அதுதான் விதி. சொட்டு மருந்து விட்டா தண்ணி மஞ்சளாகணும். ஆச்சுன்னா குளோரின் இருக்கு, பயமில்ல. ஆகலைன்னா தண்ணி கெட்டிருக்குன்னு அர்த்தம், உடனே குழாயை மூடணும். பிடிச்ச வீட்டுக்காரங்க கையெழுத்து போடணும். மேல ஆய்வாளர் சார் கையெழுத்து."

"எங்க லைன்ல கடைசிக் குழாய் எந்த வீடு?"

அம்மாள் புரட்டிப் பார்த்தாள். "கதவு எண் நாப்பத்தொண்ணு."

அக்காவின் வீடு.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு ஆளாவது புட்டியோடு வந்து தண்ணீர் பிடித்ததுண்டா? பதிவேடோ தினமும் மஞ்சள், தினமும் 'நன்று' என்றது. மாட்டினாயா மகனே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய், என் வீட்டுச் சோற்றிலேயே மறைத்திருக்கிறாய்!

விரல் தானாகவே அந்த மாதத்துக் கட்டுக்குப் போனது. பத்தொன்பதாம் தேதி. அன்று விடியற்காலை ஐந்து மணிக்குத் தங்கை போய்விட்டாள். ஆறேகாலுக்கு வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. அக்கா, கணவர், அம்மா எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார்கள். தாள் சொன்னது: 'காலை 6.15. கதவு எண் 41. நிறம் மஞ்சள். நன்று.'

தண்ணீரில் வராத மஞ்சள் அவள் தங்கையின் கண்ணில் வந்திருந்தது.

அதன் பிறகுதான் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

எந்த டாக்டரின் கிறுக்கலையும் தடுமாறாமல் படிக்கிறவள் அவள். இதைப் படிக்க அந்தத் திறமை தேவைப்படவில்லை. குட்டி குட்டியாக, பல்சக்கரம் மாதிரிப் பிசிறில்லாத எழுத்து. பதினெட்டாம் தேதியைப் பார்த்தாள். பதினேழு. ஒன்று. எல்லாம் அவள் கணவரின் கையெழுத்து.

பத்தொன்பதாம் தேதித் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"பாத்துட்டீங்க போலிருக்கே!"

சோப்பு சார் வாசலில் நின்றிருந்தார். முகத்தில் அத்தனை அன்பு. பதிவேட்டு அம்மாளைக் கண்ணாலேயே வெளியே அனுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"டீ சொல்லவாம்மா?"

"கை கழுவிட்டீங்களா சார்?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "நீங்க படிச்சவங்க, சொன்னாப் புரியும். அதுல எங்க ஆளு தண்ணி பிடிக்கலைன்னு நீங்க சொன்னா, 'பிடிச்சார்'னு கையெழுத்து போட்டது யாருன்னு குழுத் தலைவர் கேப்பார். பொய்ச் சாட்சி போட்டவர்தான் முதல்ல மாட்டுவார். நான் கையெழுத்தை நம்பின அப்பாவி. உங்க தெருவே அவரைக் காறித் துப்பும். அந்தக் கஷ்டம் உங்களுக்கு எதுக்கு?"

"அதனால?"

"பொதுவா ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துடுங்க. உங்க தெருவுக்குப் புதுக் குழாய் போட நானே பரிந்துரை எழுதித் தரேன். தெரு உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடும். இந்தக் கட்டு பீரோவுக்குள்ள போயிடும்."

புதுக் குழாய். முப்பத்தெட்டு வீட்டுக்கும் நல்ல தண்ணீர். எதைச் சொல்லிப் படியேறி ஓட்டுக் கேட்டாளோ அது தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. அம்மா திரும்பி வருவது மட்டும் அந்தத் தட்டில் இல்லை.

"குழாய் என்ன உங்க பாட்டன் சொத்தா சார், நீங்க எடுத்துக் கொடுக்க?" என்றாள்.

அவர் சிரித்தார். "நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கும்மா. வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வாங்க."

*

கடிகாரக் கடை ஒரு அலமாரி அகலம்தான். சுவர் முழுக்க நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவரின் கைக்கடிகாரத்துக்குள் குனிந்திருந்தார். முடி அளவு தூசியையும் விடாத கண் அது.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பூதக்கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது.

"பதிவேட்டைப் பாத்துட்டியா?"

"பாத்தேன். அழகான கையெழுத்து. ஒரு நாளும் கோணல் இல்ல."

"தெருவுக்குத் தண்ணி விட வால்வு திறக்கிறவர் மாசத்துக்கு ஒரு தடவை முப்பது தாளைக் கொண்டுவந்து வெப்பார். எல்லாம் வெத்துத் தாள். 'தினமும் தெருக் கடைசியில உங்க வீட்டுக்கு நடக்க முழங்கால் விடலண்ணே, ஒரு கையெழுத்துதானே'ம்பார். நானும் கடையில சும்மா இருக்கிற நேரம்..." அவர் குரல் உள்ளே போயிற்று. "தண்ணி வந்துச்சுங்கிறதுக்கு அத்தாட்சின்னு நினைச்சேன். படிச்சுப் பாக்கல."

"ஒரு சின்ன ஸ்க்ரூவை அரை மணி நேரம் பாப்பீங்க. ஒரு தாளைப் படிக்க உங்களுக்குக் கண்ணு இல்ல."

"தப்புதான்."

"அது என்ன தாளுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் சுவர்க் கடிகாரத்தைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். மணி அடிக்கவில்லை என்றார். கணவர் தப்பித்தோம் என்று கையை நீட்டி வாங்கினார். அந்தப் பரபரப்பை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாலு மணிக்கு அந்தத் தாளை நான் வாசிக்கப் போறேன்" என்றாள். "உங்க பேரையும் சேத்துத்தான். வந்தா வாங்க, வராட்டிப் போங்க."

"பொழப்புக்கே உலை வெச்சுடுவாங்க. கடை உரிமம் வார்டு ஆபீஸ் கொடுத்தது."

"எனக்கு உலை வெச்சுப் பதினோரு மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

கோபத்தில் நடை வேகமாக இருந்தது. பாதி வழியில் அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள். சோப்பு சாரை வெட்டக் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். அதன் இன்னொரு முனை தன் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இருந்தால் இருக்கட்டும். வெட்டுகிற இடத்தில் வெட்டத்தான் வேண்டும்.

*

அறை நிரம்பியிருந்தது. கடைசித் தெருக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். குழுவின் தலைவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருமினால்கூட எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடைசி வரிசையில், சுவரை ஒட்டிய நாற்காலியில், அம்மா.

அக்காதான் கூட்ட அறிவிப்பை அம்மாவின் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்திருந்தாள். வருவாள் என்று நம்பவில்லை. அம்மா அவளைப் பார்க்கவில்லை. மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுந்தாள். கையில் நோட்டு.

"தலைவர் ஐயா, முதல்ல ஆய்வாளர் சார் அவர் எழுதின ஒரு அறிக்கையை அவர் வாயாலேயே வாசிக்கணும்."

காகிதம் கைமாறியது. சோப்பு சாருக்கு வேறு வழியில்லை. தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம்... வீட்டுச் சுகாதாரக் குறைவு."

"சத்தமா சார். அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு சொன்னீங்களே, அந்தச் சத்தம்."

அவர் சத்தமாக வாசித்தார். அக்கா நோட்டைத் திறந்தாள். முதல் தெருவில் இரண்டு வீடு, கடைசித் தெருவில் முப்பத்தெட்டு வீடு என்று கதவு எண்ணோடு சொன்னாள். ஒவ்வோர் எண்ணுக்கும் அறையில் யாரோ ஒருவர் "ஆமா, எங்க வீடுதான்" என்றார். பிறகு தலைவர் சொல்லிப் பதிவேட்டு அம்மாள் கொண்டுவந்த கட்டிலிருந்து பத்தொன்பதாம் தேதித் தாளை வாசித்தாள்.

"காலை ஆறேகால். அன்னைக்கு அந்த நேரம் எங்க வீட்டுக் கதவு பூட்டியிருந்துச்சு. நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவுல, என் தங்கச்சியோட உடம்பை வாங்கக் காத்துக்கிட்டு இருந்தோம். பூட்டின வீட்டுக் குழாய்ல இவங்க தண்ணி பிடிச்சிருக்காங்க. மஞ்சளாச்சாம். நல்லா இருந்துச்சாம். கீழ இவர் கையெழுத்து."

சோப்பு சார் துள்ளி எழுந்தார்.

"அதுக்கும் கீழ ஒரு கையெழுத்து இருக்கு! அது யாரோடதுன்னு சொல்லச் சொல்லுங்க!"

அவள் மென்று விழுங்குவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

"என் வீட்டுக்காரரோடது" என்றாள் அக்கா. "வெத்துத் தாள்ல மொத்தமா வாங்கியிருக்காங்க. ஒரு மாசம் இல்ல, வருஷம் முழுக்க. கையெழுத்து போட்டது அவர் தப்பு. பண்ணாத சோதனையை 'நன்று'ன்னு எழுதினது உங்க தப்பு. தெரிஞ்சே என்னைச் சுத்தமில்லாதவள்னு சொன்னது உங்க பாவம்."

தெரு கொதித்தது. யாரோ "எங்கய்யா அந்தக் கடிகாரக்காரன்?" என்று கத்தினார்கள்.

"இங்கதான் இருக்கேன்."

வாசலில் அவர் நின்றிருந்தார். கையில் கடைச் சாவி. உள்ளே ஓரடி எடுத்து வைத்துத் தலைவரைப் பார்த்துச் சொன்னார். முப்பது தாள், ஒரே நாளில் கையெழுத்து, ஒரு தேதியும் எழுதியிருக்காது, எங்கே வேண்டுமானாலும் இதைச் சொல்லத் தயார். சொல்லி முடித்ததும் அவர் தோள் தொங்கிப் போயிற்று.

தலைவர் மேசையைத் தட்டினார். தாள்களுக்கு முத்திரை வைத்து மேலிடத்துக்கு அனுப்புவது. விசாரணை முடியும்வரை ஆய்வாளர் இந்த வார்டில் கால் வைக்கக் கூடாது. கடைசித் தெருவுக்கு நாளைக் காலையிலிருந்து லாரித் தண்ணீர், பின்னாலேயே புதுக் குழாய்க்குத் தீர்மானம். இனி சோதனை தினமும் கடைசிக் குழாயில், தெருப் பெண்கள் இரண்டு பேர் முன்னால். கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது.

"அந்த அறிக்கை?" என்றாள் அக்கா. அவள் அதை விடுவாளா?

சோப்பு சார் பேனாவை எடுத்து, 'வீட்டுச் சுகாதாரக் குறைவு' என்பதை அடித்தார். 'தவறான பதிவு' என்று எழுதினார். பேனா கசிந்ததில் மை விரலெல்லாம் அப்பிக்கொண்டது.

"சோப்பு போட்டுக் கழுவுங்க சார்!" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

அறையே சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார். பதினோரு மாதமாக அக்கா எண்ணி எண்ணிப் பார்த்த காட்சி இதுதான். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், மிக நன்றாக இருந்தது.

கூட்டம் கலையும்போது கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை."

அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அது என்ன தாளுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

காலையில் அக்கா கேட்ட அதே கேள்வி. இந்த முறை சுவர்க் கடிகாரத்தோடு ஒருவரும் வரவில்லை.

"ஆய்வாளர் வந்து வாசல்ல நின்னு பேசின அன்னைக்குச் சாயந்திரம்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "வால்வுக்காரர் வந்து சொன்னார். வாயைத் திறந்தா நீங்களும் உள்ள போவீங்கன்னார்."

"நான் இவளை விட்டுட்டுப் போன அன்னைக்கு."

"ஆமாங்க."

"அப்புறம் பதினோரு மாசம் இருந்துச்சே மாப்பிள்ளை."

இத்தனை நாளும் ராப்பகலாக அக்கா அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்த கை அவருடையது. சோப்பு சார் வாசலில் நின்று சொன்னார், போனார். இவர் தினமும் வீட்டுக்குள் இருந்தார்.

அம்மா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசைமேலிருந்த அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

"இது உன் வீட்டுத் தண்ணியா?"

"ஆமாம்மா. காய்ச்சி ஆற வெச்சது."

அம்மா மூடியைத் திறந்தாள். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் மன்னிப்பும் இருந்தது, வேறு ஒன்றும் இருந்தது.

வாசலில் சாவியோடு நிற்கிற மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அவனை நீ பாத்துக்கிட்ட. இவரை எங்கிட்ட விடு."